தங்கப் படலத்துல தெரியறது வினையா, வெப்பமா? (எஸ்பிஆர் இமேஜிங், வீட்டுக் கட்டுமானம்)

#1 நிறமாலை

எல்லாருக்கும் வணக்கம். உயிர் உணரி பக்கம் பிஎச்டி பண்றேன். ரெடிமேட் கருவி வாங்கற அளவுக்கு ப்ராஜெக்ட்ல காசு இல்லாததால எஸ்பிஆர் (மேற்பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வு) இமேஜிங் அமைப்பை லேபிலேயே கட்டிட்டோம். இருக்கிறது இதுதான்:

பிகே7 கண்ணாடியில சமபக்கப் பிரிசம். அது மேல மேட்சிங் ஆயில் ஒரு சொட்டு. அதுக்கு மேல 2 நானோமீட்டர் குரோமியம், 50 நானோமீட்டர் தங்கம் பூசின ஸ்லைடு. 635 நானோமீட்டர் லேசர் டயோடு, விரிச்சு இணைக்கதிரா விடறோம். மறுபக்கம் சாதாரண சிமாஸ் கேமரா. தங்கத்துக்கு மேல பிடிஎம்எஸ் (சிலிக்கோன் ரப்பர்) ஃப்ளோ செல், சிரிஞ்ச் பம்ப். தங்கத்துல தையால் (தங்கத்தைப் பிடிச்சுக்கற கந்தக மூலக்கூறு) அடுக்கு படியவெச்சு, அதுல புள்ளி புள்ளியா முயல் ஐஜிஜி (ஒரு ஆன்டிபாடி புரதம்) ஒட்டியிருக்கு. இடையில சில புள்ளிகள்ல ஒப்பீட்டுக்காக வெறும் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்). ஓடவிடறது ஆன்டி-ஐஜிஜி, அதாவது ஐஜிஜியைப் பிடிச்சுக்கற ஆன்டிபாடி.

படம் தெரியுது. ஆனா நம்ப முடியல. படம் முழுக்க வரிவரியா கோடுகள், அதுவும் மெதுவா நகருது. பம்ப்பை நிறுத்தி சும்மா பஃபர் மட்டும் இருக்கும்போதே பேஸ்லைன் அலை மாதிரி ஏறி இறங்குது. இதுக்கெல்லாம் மேல, ஆன்டி-ஐஜிஜி உள்ள போனதும் ஐஜிஜி புள்ளியும் பிரகாசமாகுது, பிஎஸ்ஏ புள்ளியும் பிரகாசமாகுது. பிஎஸ்ஏ மேல எதுவும் ஒட்டக்கூடாதே!

கைடு "பிரிசத்தை விடு, 1.49 ஆப்ஜெக்டிவ் வாங்கலாம்"ங்கறார் (நுண்ணோக்கி லென்ஸ்; 1.49ங்கறது அதோட என்ஏ, எவ்வளவு சாய்வான ஒளியை எடுத்துக்கும்ங்கற அளவு). அதுவும் சரியான வழியான்னு சொல்லுங்க.

#2 பட்டகம்

முதல்ல அந்த லேசரைக் கழட்டி வைம்மா.

லேசர் ஒளி ஓரியல்பு உள்ளது, அலையெல்லாம் ஒரே தாளத்துல வரும். பிரிசத்தோட ஒவ்வொரு முகம், ஸ்லைடோட அடிப்பக்கம், ஆயில் படலம், கேமரா முன்னாடி இருக்கிற கண்ணாடி, எங்கெல்லாம் கொஞ்சம் திரும்புதோ அங்கெல்லாம் ஒண்ணோட ஒண்ணு குறுக்கிட்டு வரி போடும். பிரிசம் கொஞ்சம் சூடாகி விரிஞ்சா வரி நகரும். நீ பார்க்கிற "நகரும் கோடு" அதுதான். வினைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

சிவப்பு எல்இடி போடு, முன்னாடி 10 நானோமீட்டர் அகல பில்டர் ஒண்ணு. எல்இடிய நேரா லென்ஸ் முன்னாடி வைக்காதே. 1 மில்லிமீட்டர் எல்இடிக்கு 100 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டா கதிர் அரை டிகிரிக்கு மேல விரியும். நடுவுல 200 மைக்ரான் ஊசித்துளை வெச்சா பத்துல ஒரு டிகிரி அளவுக்கு அடங்கிடும். வெளிச்சம் குறையும். குறையட்டும், கேமராவுக்கு எக்ஸ்போஷர் கூட்டிக்கோ.

கோணம் எங்க வெச்சிருக்கே? எதிரொளிப்பு குறைஞ்சு இருட்டா இருக்கிற அடிப்புள்ளியிலயா? அங்க வெச்சா ஒண்ணும் நடக்காது, அடியில சரிவே கிடையாது. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, குறைஞ்ச கோணப் பக்கத்துச் சரிவுல நிறுத்து. ஒட்டுனா இடம் பிரகாசமாகணும். இருட்டானா தப்பான சரிவுல நிக்கறேன்னு அர்த்தம்.

#3 அரைகுறை

நான் கெமிஸ்ட்ரி வாத்தியார், ஒளியியல்ல பேருக்கேத்த ஆளு. எஸ்பிஆர்னா என்னன்னு ரெண்டு வரியில யாராவது சொன்னா இந்த இழையைத் தொடர்ந்து படிப்பேன். கண்ணாடிக்குக் கீழ வெளிச்சம் அடிச்சு, மேல தண்ணியில நடக்கிறது எப்படித் தெரியும்?

#4 உப்சாலா_குளிர்

வாத்தியார் சார், ரெண்டு வரியில முடியாது, முயற்சி பண்றேன்.

கண்ணாடிக்குள்ள இருந்து சாய்வா வர்ற ஒளி, மாறுநிலைக் கோணத்தைத் தாண்டினா முழு அக எதிரொளிப்பு அடையும். இது பிளஸ் டூ பாடம். ஆனா எல்லைக்கு அந்தப் பக்கமும் ஒரு மங்கும் புலம் கொஞ்ச தூரம் எட்டிப் பார்க்கும். எல்லையில மெல்லிய தங்கப் படலம் இருந்தா, ஒரு குறிப்பிட்ட கோணத்துல அந்தப் புலம் தங்கத்து எலக்ட்ரான்களை ஒட்டுமொத்தமா அலையாட வைக்கும், அந்த அலைக்குத்தான் பிளாஸ்மான்னு பேரு. ஒளியோட ஆற்றல் அங்க போயிடறதால திரும்பி வர்ற ஒளி சட்டுனு குறையும். அந்தக் கோணம், தங்கத்துக்கு மேல இருக்கிற பொருளோட ஒளிவிலகல் எண்ணைப் பொறுத்தது. பிகே7, தங்கம், தண்ணி, சிவப்பு ஒளின்னா 72 டிகிரிக்குப் பக்கம். மேல புரதம் ஒட்டினா கோணம் கொஞ்சம் கூடும். தங்கத்துக்குச் செங்குத்தா ஆடற பி-துருவ ஒளிக்கு மட்டும்தான் இது நடக்கும். எஸ்-துருவத்துக்கு நடக்கவே நடக்காது. அதை மனசுல வைங்க, பின்னாடி உதவும்.

இந்தப் பிரிசம் அமைப்பு 1968ல வந்தது. ஒட்டோ ஒரு விதமா செஞ்சார், அதே வருஷம் கிரெட்ச்மன், ரேதர் ரெண்டு பேரும் இன்னொரு விதமா செஞ்சாங்க. நிறமாலை கட்டியிருக்கிறது கிரெட்ச்மன் முறை. 1983ல ஸ்வீடன்ல லிங்சோப்பிங்ல லீட்பெர்க், நைலாண்டர், லுண்ட்ஸ்ட்ரோம் மூணு பேரும் இதை வாயுவுக்கும் புரதத்துக்கும் உணரியா காட்டினாங்க. 1990ல நான் இப்ப உட்கார்ந்திருக்கிற இந்த உப்சாலாவுல இருந்துதான் பியாகோர்ங்கற எஸ்பிஆர் கருவி சந்தைக்கு வந்தது. படமா எடுக்கிற யோசனை 1988லேயே இருந்தது: ரோத்தன்ஹோய்ஸ்லர், நோல் ரெண்டு பேரும் 'நேச்சர்' இதழ்ல மேற்பரப்பு பிளாஸ்மான் நுண்ணோக்கின்னு எழுதினாங்க.

இப்ப நிறமாலைக்கு ஒரு விஷயம். அந்த மங்கும் புலம் தண்ணிக்குள்ள 200 நானோமீட்டர் வரைக்கும் எட்டும். ஐஜிஜி மூலக்கூறு 10 நானோமீட்டர் உயரம். நீங்க வினைன்னு சொல்றது அந்த 200ல அடி 10ல நடக்குது. மிச்சம் 190லயும் இருக்கிறது பஃபர். அந்தப் பஃபர்ல என்ன மாறினாலும் உங்க கேமராவுக்கு வெளிச்சம் மாறும். உங்க ரெண்டாவது, மூணாவது பிரச்சினைக்கு விடை அங்கதான் இருக்கும்னு நினைக்கிறேன்.

#5 மின்முனை

கைடு சொல்றதுலயும் நியாயம் இருக்கு. பிரிசம் வழியா பார்த்தா படம் சப்பையா இருக்கும், உருப்பெருக்கம் கிடையாது. ஆப்ஜெக்டிவ் வழியா போனா ஒரே ஒரு செல்லைப் பார்க்கலாம், ஒரே ஒரு வைரஸைப் பார்க்கலாம். அரிசோனா ஸ்டேட்ல நோங்ஜியான் தாவ் குழு 2010ல ரெண்டையும் காட்டிட்டாங்க: ஒத்தை வைரஸோட நிறை ஒரு கட்டுரையில, மின்வேதி ஓட்டத்தைப் படமா எடுக்கிறது 'சயின்ஸ்' இதழ்ல இன்னொரு கட்டுரையில. ரெண்டாவதுதான் எனக்குத் தொழில். மின்முனை மேல ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் நடந்தா மேற்பரப்பை ஒட்டின கரைசலோட ஒளிவிலகல் எண் மாறும். அந்த மாற்றத்தோட வேகத்துல இருந்து அந்த இடத்து மின்னோட்ட அடர்த்தியைக் கணக்கிடலாம். ஊசியை நகர்த்தி நகர்த்தி ஸ்கேன் பண்ண வேண்டியதில்லை. இதோட அழகு என்னன்னா, சிக்னல் மின்னோட்டத்தைப் பொறுத்தது இல்ல, மின்னோட்ட அடர்த்தியைப் பொறுத்தது. பகுதி சின்னதாக ஆக மின்னோட்டம் சுருங்கும், அடர்த்தி சுருங்காது. 2012ல இதே வழியில தனித்தனி பிளாட்டினம் நானோதுகளோட வினையூக்கத்தையே பார்த்துட்டாங்க.

#6 பட்டகம்

மின்முனை தம்பி, எல்லாம் சரி. அந்தப் பொண்ணு பார்க்கிறது செல்லா, வைரஸா? ஒரு மில்லிமீட்டர் புள்ளிகள், வரிசையா. 60 மடங்கு ஆப்ஜெக்டிவ்ல பார்வைப் பரப்பு நூத்திச் சொச்சம் மைக்ரான். ஒரு புள்ளியோட ஒரு மூலைகூட முழுசா தெரியாது. பக்கத்து பிஎஸ்ஏ புள்ளியோட ஒப்பிடணும்னா மேடையை நகர்த்தணும். நகர்த்தினா ஒப்பீடு போச்சு.

அப்புறம் கணக்கு. என்ஏவை ஆயிலோட ஒளிவிலகல் எண்ணால வகுத்து, தலைகீழ் சைன் எடு. 1.49ஐ 1.515ஆல வகுத்தா கிட்டத்தட்ட 79½ டிகிரி வரைக்கும் சாய்க்கலாம். 72 அதுக்குள்ள வந்துடும். லேபுல ஏற்கெனவே 1.40 ஆயில் ஆப்ஜெக்டிவ் இருக்குமே, அதை வெச்சு முயற்சி பண்ணலாம்னு யாராவது சொன்னா நம்பாதே. அது 67½ டிகிரியில நின்னுடும், இந்தச் சிவப்புக்குத் தண்ணியில பிளாஸ்மான் தட்டுப்படவே படாது. ஸ்டூடண்ட்ஸ் வாரக்கணக்கா இருட்டைத் தேடி உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்திருக்கேன்.

சப்பைப் படத்தைப் பத்திச் சொன்னியே, அது உண்மை. 72 டிகிரி சாய்வுல பார்க்கிறப்ப ஒரு திசையில எல்லாம் மூணுல ஒரு பங்கா சுருங்கும். வட்டப் புள்ளி நீள்வட்டமா தெரியும். அதைவிடத் தொல்லை, படத்துல நடுவுல ஒரு பட்டை மட்டும் தெளிவா இருக்கும், மேலயும் கீழயும் கலங்கும். கேமராவை லென்ஸோட அச்சுக்கு நேரா வைக்காம கொஞ்சம் சாய்ச்சு வை. பொருள் தளம், லென்ஸ் தளம், சென்சார் தளம் மூணும் நீட்டினா ஒரே கோட்டுல சந்திக்கணும். ஷெய்ம்ப்ஃப்ளுக் விதின்னு பேரு. ஆஸ்திரிய ராணுவ அதிகாரி, வானத்துல இருந்து எடுத்த சாய்வுப் படங்களைத் திருத்தறதுக்காக நூறு வருஷத்துக்கு முன்னாடி பேடண்ட் எடுத்தது. ஒரு சாய்வு மேடை போதும்.

#7 மின்முனை

ஐயா, பரப்பு விஷயத்துல ஒத்துக்கறேன். அவங்க வேலைக்கு பிரிசம் போதும்.

ஆனா பிரிசமோ ஆப்ஜெக்டிவோ, ரெண்டுக்கும் பொதுவான ஒண்ணை யாரும் சொல்லல. பிளாஸ்மான் ஒரே இடத்துல நிக்காது, தங்கத்து மேல ஓடும். சிவப்பு ஒளியில சில மைக்ரான் ஓடி அணையும். அகச்சிவப்புப் பக்கம் 800 நானோமீட்டருக்கு மேல போனா பத்துக் கணக்கான மைக்ரான் ஓடும். அதனால அந்த ஓட்டத் திசையில படம் இழுபட்டுப் போகும். ஒத்தை நானோதுகளைப் பார்த்தா புள்ளியா தெரியாது, பின்னால வால் விரிஞ்ச பரவளையமா தெரியும். எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும் அந்த வால் போகாது, தங்கம் போடற வால் அது.

அதே நேரம் அகச்சிவப்புல ஒத்ததிர்வுப் பள்ளம் ஒல்லியா, செங்குத்தா இருக்கும். சின்ன மாற்றத்துக்கும் வெளிச்சம் நிறைய மாறும். அமெரிக்க வேதியியலாளர் ராபர்ட் கார்ன் குழு புள்ளி வரிசைகளுக்கு அகச்சிவப்புக்குப் போனது இதனாலதான். நிறமாலை, உங்க புள்ளிகள் மில்லிமீட்டர் அளவு, பத்து இருபது மைக்ரான் கலங்கினா உங்களுக்கு நஷ்டம் இல்ல. அடுத்த எல்இடி வாங்கும்போது 800 பக்கம் யோசிங்க. தங்கத்தோட தடிமனையும் கோணத்தையும் அதுக்கேத்த மாதிரி மறுபடி கணக்குப் போடணும், அவ்வளவுதான்.

#8 பாகுமானி

நான் சர்க்கரை ஆலை லேப்ல இருந்தவன். இங்க நடக்கிற பேச்சுல எனக்குச் சம்பந்தமில்லைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், 4ஆவது பதிவைப் படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு. கரும்புச் சாறுல ஒரு சொட்டு வெச்சு பிரிக்ஸ் (சர்க்கரைச் சதவீதம்) பார்க்கிறோமே, அந்த ரிஃப்ராக்டோமீட்டர்லயும் பிரிசம்தான், அதே மாறுநிலைக் கோணம்தான். நீங்க நடுவுல தங்கம் பூசியிருக்கீங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்ப எங்க லேப் வழக்கம் ரெண்டு சொல்றேன். ஒண்ணு, கருவியை அளவுத்திருத்தம் பண்ணாம ரீடிங் எழுதினா ஷிஃப்ட் கெமிஸ்ட் கிழிச்சுப் போட்டுடுவார். உங்களுக்கும் சர்க்கரைதான் சுலபம். 1 சதவீத சுக்ரோஸ் கரைசலுக்கும் வெறும் தண்ணிக்கும் ஒளிவிலகல் எண் வித்தியாசம் 0.0014. பஃபர்ல 0, அரை, 1 சதவீதம்னு கரைச்சு ஓடவிடுங்க. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பிரகாசமாகுதுன்னு எழுதிக்கோங்க. தங்கத் தடிமன் கொஞ்சம் முன்னபின்ன இருந்தா ஒவ்வொரு புள்ளியும் வேற வேற அளவு ஏறும். அந்த விகிதத்தால வகுக்காம ரெண்டு புள்ளியை ஒப்பிடக் கூடாது.

ரெண்டாவது வெப்பநிலை. பிரிக்ஸ் மீட்டர்ல 20 டிகிரிக்குத் திருத்த அட்டவணை ஒட்டியிருக்கும், ஏன்னு தெரியுமா? அறை வெப்பத்துல தண்ணியோட ஒளிவிலகல் எண் 1 டிகிரிக்கு ஏறத்தாழ 0.0001 குறையும். சாறுக்கு அது சின்ன விஷயம். உங்களுக்கு?

உங்க லேப்ல ஏசி இருக்கா? கம்ப்ரெசர் எத்தனை நிமிஷத்துக்கு ஒருதரம் ஆன் ஆகுதுன்னு கடிகாரம் பார்த்து எழுதி, பேஸ்லைன் அலையோட ஒப்பிட்டுப் பாருங்க.

#9 உப்சாலா_குளிர்

பாகுமானி ஐயா சொன்னதுக்கு நம்பர் போடறேன். எங்க கணக்குல ஒரு "அலகு"ங்கறது தோராயமா ஒளிவிலகல் எண்ல 10 லட்சத்துல ஒண்ணு. புரதத்துல சொன்னா ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு பைக்கோகிராம். ஃப்ளோ செல் 1 டிகிரி ஆடினா 100 அலகு. அதாவது எதுவுமே ஒட்டாம, 100 பைக்கோகிராம் புரதம் ஒட்டினதாவும் பிரிஞ்சதாவும் உங்க கிராஃப் காட்டும். நல்ல கருவிகள்ல செல்லை நூத்துல ஒரு டிகிரிக்குள்ள பிடிச்சு வைக்கறதுக்காகவே பாதி வேலை நடக்குது.

உங்களால அது முடியலைன்னா ரெண்டு வழி. செல்லையும் பிரிசத்தையும் சேர்த்து கனமான அலுமினியத் துண்டுல உட்காரவெச்சு, மேல தெர்மாகோல் பெட்டி கவுத்துடுங்க. ஏசி காத்து நேரா படக்கூடாது. பஃபர் பாட்டிலும் அதே மேசையில, அதே வெப்பத்துல இருக்கணும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த சாம்பிளை உடனே சிரிஞ்ச்ல ஏத்தாதீங்க. அது குளிர்ச்சியோட வந்து ஒரு படி ஏறி, சூடாகி ஒரு படி இறங்கும். பார்க்க அச்சு அசல் பிணைப்பு, பிரிவு வளைவு மாதிரியே இருக்கும்.

#10 நிறமாலை

எல்லாருக்கும் நன்றி. எல்இடி, ஊசித்துளை மாத்தியாச்சு. வரிகள் போயே போச்சு! பட்டகம் ஐயாவுக்குத் தனி நன்றி. கேமராவைச் சாய்ச்சதுல மேல் வரிசையும் கீழ் வரிசையும் சேர்ந்து தெளிவா தெரியுது.

ஏசி விஷயம் கிட்டத்தட்ட அப்படியே பொருந்துது. கம்ப்ரெசர் ஆன் ஆனதும் கொஞ்ச நேரம் கழிச்சு படம் முழுக்க ஒரே மாதிரி பிரகாசமாகுது, ஆஃப் ஆனா மங்குது. தண்ணி குளிர்ந்தா ஒளிவிலகல் எண் கூடும்ங்கறதால திசையும் சரியாதான் இருக்கு. தெர்மாகோல் பெட்டி வெச்சதும் அலையோட உயரம் நல்லா குறைஞ்சது.

ஆனா மூணாவது பிரச்சினை அப்படியே இருக்கு. சாம்பிளை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்துட்டுதான் விட்டேன். பிஎஸ்ஏ புள்ளி, ஐஜிஜி புள்ளி, எதுவுமே ஒட்டாத இடைவெளி, மூணும் ஒரே நேரத்துல ஏறுது. பஃபர் திரும்ப வந்ததும் பிஎஸ்ஏவும் இடைவெளியும் டக்குனு பழைய இடத்துக்கே இறங்குது. ஐஜிஜி பாதி இறங்கி நிக்குது.

#11 உப்சாலா_குளிர்

அந்த ஆன்டி-ஐஜிஜி எந்தக் கரைசல்ல வந்தது? பாட்டில் லேபிளைப் படிங்க. எத்தனை மடங்கு நீர்த்தீங்க?

#12 நிறமாலை

கம்பெனி பாட்டில். "50 சதவீத கிளிசரால், பிபிஎஸ், சோடியம் அசைடு"ன்னு போட்டிருக்கு. 100 மடங்கு பிபிஎஸ்ல (பாஸ்பேட் உப்பு பஃபர்) நீர்த்தேன்.

#13 உப்சாலா_குளிர்

கிடைச்சிடுச்சு.

மைனஸ் 20ல உறையாம இருக்கறதுக்காக கிளிசரால் கலக்கறாங்க. 50 சதவீதத்தை 100 மடங்கு நீர்த்தா உங்க சாம்பிள்ல இன்னும் அரை சதவீதம் கிளிசரால் இருக்கு. கிளிசரால் 1 சதவீதத்துக்கு ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 0.0012 ஏறும். அரை சதவீதம்னா 0.0006, அதாவது 600 அலகு. ஐஜிஜி நெருக்கமா ஒரு அடுக்கு முழுசா ஒட்டினாலே சில ஆயிரம் அலகுதான். உங்க படத்துல முதல்ல எகிறின ஏற்றத்துல பெரும்பங்கு கிளிசரால்.

வடிவத்தை வெச்சே கண்டுபிடிச்சிருக்கலாம். கரைசல் மாற்றம் படிக்கட்டு மாதிரி நேரா ஏறி, நேரா இறங்கும், எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துல. பிணைப்புன்னா வளைஞ்சு ஏறி, கழுவும்போது மெதுவா இறங்கும், அதுக்குரிய புள்ளியில மட்டும். உங்க ஐஜிஜி புள்ளியில "பாதி இறங்கி நிக்குது"ன்னீங்களே, அந்த நிக்கற பாதிதான் உங்க வினை. அது இருக்கு, கவலைப்படாதீங்க.

சரி பண்ண: ஆன்டிபாடியை பிபிஎஸ்ல ராத்திரி முழுக்க டயாலிசிஸ் போடுங்க, இல்லைன்னா உப்பு நீக்கற சின்ன ஸ்பின் குழல் வழியா விடுங்க. டயாலிசிஸ் முடிஞ்சதும் வெளியில இருக்கிற அந்த பஃபரைக் கொட்டிடாதீங்க! அதையே வடிகட்டி, காத்து நீக்கி, ஓடும் பஃபரா வெச்சுக்கோங்க. அப்ப உள்ள இருக்கிறதும் வெளிய இருக்கிறதும் உப்பு வரைக்கும் ஒண்ணாயிடும். மருந்து மூலக்கூறு பார்க்கிறவங்களுக்கு இதே தலைவலி டிஎம்எஸ்ஓங்கற கரைப்பான்ல வரும், அது இன்னும் மோசம்.

#14 அரைகுறை

நான் இப்ப ஓரளவு தொடர்ந்து வர்றேன். ஆனா ஒரு சந்தேகம். கிளிசரால், ஏசி, சர்க்கரை எல்லாமே ஒரே மாதிரி தெரியும்னா, இந்தக் கருவி வினையைப் பார்க்குதுன்னு எந்த தைரியத்துல சொல்றீங்க? ஒளியால மேற்பரப்பு வினையை உண்மையிலேயே பார்த்தவங்க யாராவது உண்டா?

#15 மின்முனை

வாத்தியார் நல்ல கேள்வி கேட்டார். கெமிஸ்ட்ரி ஆளுங்கறதால உங்களுக்கு ஏர்ட்ல் கதையைச் சொல்றேன். கொஞ்சம் திசை மாறும், மன்னிக்கணும்.

பெர்லின் ஃப்ரிட்ஸ் ஹேபர் நிறுவனத்துல கெர்ஹார்ட் ஏர்ட்ல் குழு, பிளாட்டினப் படிகத்தோட 110ங்கற முகத்து மேல கார்பன் மோனாக்சைடு எரியறதைப் பார்த்தாங்க. கார் சைலன்சர்ல இருக்கிற வினையூக்கியில நடக்கிற அதே வினை. 1990ல ஒளியெலக்ட்ரான் நுண்ணோக்கியில பார்த்தா, ஆக்சிஜன் மூடின பகுதியும் கார்பன் மோனாக்சைடு மூடின பகுதியும் சுருள் சுருளா அலையா சுத்துது. அதுவரைக்கும் மேற்பரப்பு முழுக்க ஒரே சீரா வினை நடக்கும்னு வெச்சு எழுதின சமன்பாடுகள் இதுக்குப் போதாமப் போச்சு. ஆனா அந்தக் கருவியில பறக்கிறது எலக்ட்ரான், அதனால வெற்றிடம் வேணும். நிஜ வினையூக்கி வேலை செய்யறது வெற்றிடத்துலயா?

1995ல ரோட்டர்முண்டும் ஏர்ட்லும் மத்தவங்களும் சேர்ந்து எலக்ட்ரானை விட்டுட்டு ஒளிக்கு வந்தாங்க. எதிரொளிக்கிற ஒளியோட துருவ நிலை, மேல ஒட்டியிருக்கிறது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடாங்கறதைப் பொறுத்து ஒரு துளி மாறும். துருவமாக்கிகளை (போலரைசர்) திருப்பி, ஒரு பகுதியை முழு இருட்டா வெச்சுட்டா, வேற வாயு மூடின இடம் மட்டும் வெளிச்சமா தெரியும். ஒத்தை அணு அடுக்குகூட இல்ல, அதுக்கும் குறைவு! வாயு மண்டல அழுத்தம் வரைக்கும் போக முடிஞ்சது. ஏர்ட்லுக்கு 2007ல நோபல்.

ஏன் நம்பினாங்கன்னா, படத்துல ஒரு பகுதி இன்னொரு பகுதியோட ஒப்பீடா மாறுது. விளக்கு மங்கினா படம் முழுக்க மங்கும், சுருள் சுத்தாது. நிறமாலைக்கு பிஎஸ்ஏ புள்ளி செய்யற வேலையும் அதுதான். ஒத்தைப் புள்ளி உணரியைவிட படம் எடுக்கிறதோட பெரிய லாபம் நூறு புள்ளியைச் சேர்த்துப் பார்க்கலாம்ங்கறது இல்ல. ஒப்பீட்டுப் புள்ளியைப் பக்கத்துலயே வெச்சுக்கலாம்ங்கறதுதான்.

#16 பட்டகம்

மின்முனை கடைசியில சொன்னது சரி. அதோட இன்னும் ரெண்டு மூணு, ஒரே மூச்சுல சொல்லிடறேன்.

கேமராவுல ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ கெயின், காமா மூணையும் அணை. இதுல ஒண்ணு ஆன்ல இருந்தாலும், உன் ஐஜிஜி புள்ளி பிரகாசமானா கேமரா "வெளிச்சம் ஜாஸ்தி"ன்னு மொத்தப் படத்தையும் மங்க வைக்கும். அப்ப பிஎஸ்ஏ புள்ளி கீழ இறங்கற மாதிரி காட்டும், எதிர்மறைப் பிணைப்புன்னு பேப்பர் எழுதிடுவீங்க.

துருவமாக்கியை 90 டிகிரி திருப்பி எஸ்-துருவத்துல ஒரு படம் எடு. அதுல பிளாஸ்மானே கிடையாது, வெறும் விளக்கு வெளிச்சம் எப்படிப் பரவியிருக்குன்னு மட்டும் காட்டும். உன் பி-படத்தை இதால வகு. தூசி, வெளிச்ச ஏத்தத்தாழ்வு எல்லாம் அடிபட்டுப் போகும்.

காஸ்ட்லி கேமரா வேணும்னு யாரும் பயமுறுத்த வேணாம். ஒரு பிக்ஸல் 10,000 எலக்ட்ரான் பிடிச்சா, அதுல வர்ற இயல்பான இரைச்சல் 100 எலக்ட்ரான், அதாவது 1 சதவீதம். உன் புள்ளிக்குள்ள 2500 பிக்ஸல் இருக்குன்னு வெச்சுக்கோ, சராசரி எடுத்தா இரைச்சல் 50 மடங்கு குறையும். 100 ஃபிரேம் சேர்த்தா இன்னும் 10 மடங்கு. அதுக்குக் கீழ உன்னை அடிக்கப்போறது கேமரா இல்ல, எல்இடி. அதுக்கு நிலையான மின்னோட்டம் கொடுக்கிற டிரைவர் போடு, அளக்கறதுக்கு முன்னாடி நல்லா சூடாக விடு. கைடுகிட்ட ஆப்ஜெக்டிவ் காசை வெப்பக் கட்டுப்பாட்டுக்குக் கேளு.

குமிழி வந்தா பயப்படாதே. காத்துல ஒத்ததிர்வு 44 டிகிரிக்குப் பக்கம், உன் 72 டிகிரியில குமிழி இருக்கிற இடம் கண்ணாடி மாதிரி பளிச்சுனு தெரியும். ஆனா குமிழி உட்கார்ந்து எழுந்த புள்ளியோட தரவைத் தூக்கிப் போட்டுடு, அங்க புரதம் காய்ஞ்சிருக்கும்.

தங்க ஸ்லைடை மறுபடி பயன்படுத்த பிரானா கரைசல்ல (கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்தது) முக்கற பழக்கம் பல லேப்ல இருக்கு. மூடின பாட்டில்ல வெச்சு வெடிச்ச கதையெல்லாம் உண்டு, அசிட்டோன் கழுவின ஈரத்தோட ஒருபோதும் உள்ள விடாதே. முடிஞ்சா யூவி-ஓசோன் பெட்டியில வெச்சு எடு, போதும்.

#17 பாகுமானி

பட்டகம் ஐயா எஸ்-துருவம் சொன்னது பிடிச்சது. எங்க காலத்துல போலாரிமீட்டர்ல கண்ணை வெச்சு அரைவட்டம் ரெண்டும் சமமாகுதான்னு பார்த்துப் பார்த்தே கண்ணு போச்சு.

#18 நிறமாலை

டயாலிசிஸ் பண்ணி, வெளி பஃபரையே ஓடவிட்டேன். கேமரா ஆட்டோ எல்லாம் ஆஃப். சர்க்கரை அளவுத்திருத்தமும் போட்டாச்சு. புள்ளிகளுக்குள்ள உணர்திறன் வித்தியாசம் நினைச்சதைவிட அதிகம், ஓரத்துப் புள்ளிகள் மந்தம். வகுத்ததும் ஒரு ஒழுங்குக்கு வந்தது.

இப்ப படம் இப்படி இருக்கு: சாம்பிள் உள்ள வரும்போது இடைவெளியிலயும் பிஎஸ்ஏவுலயும் படி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாயிடுச்சு. ஐஜிஜி புள்ளிகள் ஒவ்வொண்ணா, கருப்புப் பின்னணியில இருந்து மெதுவா சாம்பலாகி, வெள்ளையாகி எழும்புது. பஃபர் கழுவும்போது இறங்காம நிக்குது. பிணைப்பைப் பிரிக்கற அமிலக் கரைசல் (கிளைசின், பிஹெச் 2) விட்டதும் திரும்ப இருட்டாகுது. கைடு ரொம்ப நேரம் பேசாம பார்த்துக்கிட்டே இருந்தார். ஆப்ஜெக்டிவ் பேச்சு இப்போதைக்கு எடுக்கல.

ஒண்ணே ஒண்ணு இடிக்குது. எல்லா ஐஜிஜி புள்ளியும் ஒரே மாதிரிதான் போட்டேன். ஆனா உள்வாய்ப் பக்கத்து வரிசை வேகமா ஏறுது, கடைசி வரிசை சோம்பலா ஏறுது. அளவுத்திருத்தம் பண்ணின பிறகும் அப்படித்தான்.

#19 மின்முனை

டிஃப்யூஷன். பந்தயம் கட்டறேன்.

#20 உப்சாலா_குளிர்

பந்தயம் வேண்டாம், சோதிச்சுப் பார்த்துடலாம். ஃப்ளோ செல்லுக்குள்ள தங்கத்தை ஒட்டின நீர் கிட்டத்தட்ட நகராது. ஆன்டிபாடி அந்த அடுக்கைக் கடந்து பரவி வரணும். முன் வரிசை பிடிச்சுக்கிட்ட பிறகு பின் வரிசைக்கு வர்றப்ப அந்த அடுக்கு வறண்டு போயிருக்கும். அப்ப நீங்க அளக்கறது ஆன்டிபாடி பிடிக்கற வேகம் இல்ல, அது வந்து சேர்ற வேகம். அந்தச் சரிவுல இருந்து பிணைப்பு மாறிலி கணக்கிட்டா அது உங்க ஃப்ளோ செல்லோட மாறிலியாதான் இருக்கும்.

பம்ப் வேகத்தை எட்டு மடங்கு கூட்டுங்க. வந்து சேர்றதுதான் தடைன்னா, சீரான ஓட்டத்துல அந்த வேகம் பம்ப் வேகத்தோட கனமூலத்துக்கு ஏத்த மாதிரி கூடும். ஆரம்பச் சரிவு இரட்டிப்பாகணும். மாறவே இல்லைன்னா வினைதான் தடை, அப்ப மின்முனை தோத்தார், புள்ளிகள்ல ஐஜிஜி அடர்த்தி வேற வேறயா இருக்கான்னு பார்க்கணும். நடுவுல எங்கயாவது நின்னா ரெண்டும் கலந்திருக்கு. புள்ளியில ஐஜிஜியைக் குறைச்சு ஒட்டி மறுபடி ஓட்டுங்க.

#21 பட்டகம்

எட்டு மடங்குக்குப் போறதுக்கு முன்னாடி பிடிஎம்எஸ் தாங்குமான்னு வெறும் தண்ணியில பாரு. ஓரத்துல கசிஞ்சு பிரிசம் பக்கம் இறங்கினா ஆயில் கலங்கிடும். அப்புறம் ஓட்டத் திசையைத் திருப்பி, வெளிவாய் வழியா உள்ள விட்டும் ஒரு ஓட்டம் எடு. வேகமா ஏறற வரிசை மாறுதா, அதே வரிசையே நிக்குதான்னு தெரிஞ்சிடும்.

#22 நிறமாலை

சரிங்க ஐயா. முதல்ல திருப்பிப் பார்க்கிறேன், அதுக்கு புது ஆன்டிபாடி செலவாகாது, மிச்சம் இருக்கிறதே போதும். பம்ப் எட்டு மடங்குக்கு சிரிஞ்ச் சீக்கிரம் காலியாகும், பெரிய சிரிஞ்ச் கேட்டிருக்கேன். கிராஃப் வந்ததும் இங்கயே போடறேன்.